எண்ணூர் – பழவேற்காடு – தடா: கடலில் கொட்டும் துறைமுகச் சேற்றை எப்படிக் கண்காணிப்பது?

தடாக்காரன் (தடா)

துறைமுக வாய்க்காலைத் தூர்வாரி, சேற்றைச் சில கடல்மைல் தள்ளி 20 மீட்டர் ஆழத்தில் கொட்டுகிறார்கள். இத்தகைய திட்டங்களின் கண்காணிப்பு அத்தியாயங்களைப் புரட்டினால் எல்லாம் ஒரே அச்சாகத்தான் இருக்கின்றன. கொட்டுமிடத்தைச் சுற்றி 500 மீட்டரில் வட்டமாக ஆறு நிலையங்கள். மாதம் ஒருமுறை மேல்தண்ணீரில் பிஎச், கலங்கல், கரைந்த ஆக்சிஜன், பிஓடி (கழிவு மட்க எடுக்கும் ஆக்சிஜன்), கோலிஃபார்ம் (கழிவுநீர்க் கிருமி). ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடிச்சேற்றில் கன உலோகம். அத்தோடு முடிந்தது.

எண்ணூர்ப் பக்கத்துச் சேறு வெறும் ஆற்று வண்டல் இல்லை. கொசஸ்தலையாற்றில் பல வருஷமாக அனல்மின் சாம்பல் கலந்திருக்கிறது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடி எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்தது. தென்மேற்குப் பருவத்தில் நீரோட்டம் பெரும்பாலும் வடக்கே போகும். வடக்கே இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் பழவேற்காடு முகத்துவாரம், அதைத் தாண்டினால் ஆந்திரக் கடல். ஆனால் கண்காணிப்பு நிலையம் ஒன்றுகூட மாநில எல்லைக்கு இந்தப் பக்கம், ஆந்திராவில், கிடையாது.

கருத்துக்கேட்புக்கு எழுதிக் கொடுக்கும்போது எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்டால் பயனில்லை? துறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹாப்பர்_கணக்கு (நெல்லூர்)

தூர்வாரும் தரப்பில் நிற்பவன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு நிலைய வட்டத்தால் பயனில்லை என்பதில் எனக்கும் உடன்பாடுதான். காரணம் மட்டும் வேறு.

ஹாப்பரின் (தூர்வாரும் கப்பலின் சேற்றுத் தொட்டி) அடிக்கதவு திறந்ததும் சேறு ஒரே கட்டியாகக் கீழே இறங்கும். தரையில் மோதும், பக்கவாட்டில் அடர்நீரோட்டமாகப் பரவும், நிற்கும். எல்லாம் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். களிச்சேறாக இருந்தால் தண்ணீரில் தங்கி நிற்பது 1 முதல் 5 சதவீதம்தான் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். மாதம் ஒருநாள் படகு போய் மேல்தண்ணீரில் வாளி போட்டால் என்ன கிடைக்கும்? சுத்தமான தண்ணீர்தான் கிடைக்கும். "பாதிப்பில்லை" என்று அறிக்கை வரும். பொய் இல்லை, ஆனால் தேடிய இடம் தப்பு. மீதி 95 சதவீதம் தரையில் கிடக்கிறது.

கலங்கல் கொட்டும் இடத்தைவிட அள்ளும் இடத்தில்தான் அதிகம். ஹாப்பர் நிரம்பிய பிறகும் பம்பு ஓடும், அடர்த்தியைக் கூட்டுவதற்காக மேல்தண்ணீரை வழியவிடுவார்கள். மெல்லிய துகளும் அதில் ஒட்டிய உலோகமும் முதலில் வெளியேறுவது அந்த வழிதலில்தான். மாசுபட்ட பகுதியில் வழிதலே கூடாது என்ற ஒற்றை நிபந்தனை, ஆறு நிலையங்களைவிட அதிக வேலை செய்யும். ஆனால் அதற்கு விலை உண்டு. ஒவ்வொரு நடையிலும் பாதி தண்ணீரைச் சுமந்துபோக வேண்டும்.

அளவைக் கன மீட்டரில் வாங்காதீர்கள், உலர் டன்னில் கேளுங்கள். கணக்கு எளிது: கன மீட்டருக்கு டன்னில் துகள் அடர்த்தி 2.65, கடல்நீர் 1.025. ஹாப்பர் கலவை 1.30 என்றால் ஒரு கன மீட்டரில் உலர் திடப்பொருள் 0.45 டன். 1.20 என்றால் 0.285 டன்தான். 5,000 கன மீட்டர் ஹாப்பரில் முதலாவது 2,240 டன், இரண்டாவது 1,430 டன். அறிக்கையில் இரண்டுமே "5,000 கன மீட்டர்" என்றுதான் இருக்கும். சேற்றில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் பாதரசம் இருந்தால் முதல் நடையில் கடலுக்குள் போவது 1.1 கிலோ பாதரசம். உலர் டன் தெரியாமல் இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

வண்டல்மானி (நெல்லூர்)

அதற்கும் முந்தின கேள்வி ஒன்று இருக்கிறது. அள்ளப்போகும் சேற்றில் என்ன இருக்கிறது என்பதே ஒழுங்காகத் தெரியாமல் கொட்டுமிடத்தைக் கண்காணித்து என்ன பயன்?

எத்தனை இடத்தில் மாதிரி எடுக்க வேண்டும் என்பதற்கு ஆஸ்பார் (வடகிழக்கு அட்லாண்டிக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம்) வழிகாட்டியில் கணக்கு இருக்கிறது. 25,000 கன மீட்டர் வரை 3 இடம், 1 லட்சம் வரை 4 முதல் 6, 5 லட்சம் வரை 7 முதல் 15, 20 லட்சம் வரை 16 முதல் 30. அதற்கு மேல் ஒவ்வொரு 10 லட்சத்துக்கும் இன்னும் 10. நம் திட்டங்களின் கொள்ளளவை இதோடு வைத்துப் பாருங்கள், கேள்வி தானாக வரும்.

கிராப் (வாய் மூடி மண்ணைக் கவ்வும் கருவி) போட்டு எடுத்தால் மேல் பத்து சென்டிமீட்டர் மட்டும் வரும். மூன்று நாலு மீட்டர் வெட்டப்போகும் இடத்தில் அது தோலைச் சுரண்டிப் பார்ப்பதுதான். வைப்ரோகோர் (அதிர்ந்து இறங்கி மண்ணைத் தூணாக எடுக்கும் குழாய்) வேண்டும். வெட்டும் ஆழம்வரை மட்டுமல்ல, அதற்குக் கீழே அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர்வரை. வெட்டின பிறகு புதிதாகத் திறந்து கிடக்கப்போவது அந்த அடுக்குதானே. அப்படி எடுத்த மண்தூண் (கோர்) ஒன்றை முழுசாகக் கலக்கி ஒரே மாதிரியாக ஆக்குவதும் நடக்கிறது. மேலே 40 சென்டிமீட்டர் கறுப்புச் சேறும் கீழே இரண்டு மீட்டர் பழைய களியும் இருந்தால், சராசரி எப்போதும் நல்லபிள்ளையாகத்தான் வரும். அடுக்கு மாறும் இடத்தில் வெட்டி, தனித்தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.

மாதிரி கெடும் வழிகள் பல. வின்ச்சின் கால்வனைஸ் கம்பியிலிருந்து துத்தநாகம் வரும், பெயின்ட் அடித்த கிராப்பிலிருந்து ஈயமும் குரோமியமும் வரும். அதனால் உலோகச் சுவரைத் தொடாத நடுப்பகுதியை, மேல் 2 சென்டிமீட்டர் மட்டும், பிளாஸ்டிக் கரண்டியால் எடுக்க வேண்டும். உலோகப் பரிசோதனைக்கு அமிலத்தில் கழுவின பாலிஎதிலீன் டப்பா. எண்ணெய், பிஏஎச், பிசிபி போன்ற கரிம நச்சுகளுக்குப் பழுப்புக் கண்ணாடி, டெஃப்லான் மூடி. இரண்டுக்கும் ஒரே ஜிப் பையைப் பயன்படுத்தினால் இரண்டாவது சோதனையைக் குப்பையில் போடலாம். துகள் அளவு பார்க்க வேண்டிய மாதிரியை உறையவைக்கக் கூடாது, களித்திரள் உடைந்துவிடும். 63 மைக்ரான் ஜல்லடையில் சலிப்பதாக இருந்தால் நைலான் ஜல்லடை, அந்த இடத்துக் கடல்நீர். குழாய்த் தண்ணீரில் சலித்தால் உப்பு மாறி, ஒட்டியிருந்த உலோகத்தின் சமநிலையும் மாறிவிடும். பித்தளை ஜல்லடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தடாக்காரன்

வண்டல்மானி சார், முடிவுகளை எந்த வரம்போடு ஒப்பிடுவது? ஒரு அறிக்கையில் அமெரிக்க எண், இன்னொன்றில் பிரிட்டன் எண் என்று போடுகிறார்கள்.

வண்டல்மானி

இதில்தான் விளையாட்டு நடக்கும். அமெரிக்கப் பட்டியலில் இரண்டு எண்கள் உண்டு. விளைவு அரிதாகத் தென்படும் கீழ் அளவு ஒன்று, அடிக்கடி தென்படும் நடு அளவு ஒன்று. பாதரசத்துக்கு 0.15, 0.71 மில்லிகிராம்/கிலோ. ஈயம் 46.7, 218. குரோமியம் 81, 370. துத்தநாகம் 150, 410. பிரிட்டனின் முதல் நடவடிக்கை மட்டமும் இரண்டாம் மட்டமும் வேறு: பாதரசம் 0.3, 3. ஈயம் 50, 500. குரோமியம் 40, 400. துத்தநாகம் 130, 800.

சேற்றில் பாதரசம் 0.25 என்று வையுங்கள். அமெரிக்கக் கீழ் அளவைத் தாண்டிவிட்டது, பிரிட்டன் முதல் மட்டத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. குரோமியம் 60 என்றால் நேர் எதிர். ஆக, ஒவ்வொரு உலோகத்துக்கும் வசதியான பட்டியலை எடுத்தால் எல்லாச் சேறும் தேறிவிடும். ஒரே பட்டியல், எல்லா உலோகத்துக்கும், மாதிரி எடுக்கும் முன்னாலேயே எழுத்தில் வந்திருக்க வேண்டும். எந்தப் பட்டியல் என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

இன்னொன்று செரிமானம், அதாவது அளப்பதற்குமுன் மாதிரியை அமிலத்தில் கரைப்பது. சாம்பல் என்பது கண்ணாடி உருண்டை. ராஜதிராவகம் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) அதை முழுசாகக் கரைக்காது. ஹைட்ரோபுளோரிக் அமிலம் சேர்த்தால்தான் மொத்த அளவு வரும். முதல் வருஷம் ஒரு முறை, அடுத்த வருஷம் வேறு முறை என்று மாற்றினால் "குறைந்துவிட்டது" என்று காட்டலாம். கடலில் எதுவும் மாறியிருக்காது.

உலோக அளவை அலுமினியத்தால் வகுத்துச் சமன்படுத்துவதிலும் எண்ணூருக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. மற்ற இடங்களில் அலுமினியம் என்றால் களிமண் அளவு. இங்கே சாம்பலிலேயே அலுமினியம் கொட்டிக் கிடக்கிறது. சாம்பல் கூடக்கூட வகுக்கும் எண்ணும் கூடும், செறிவுக் குறியீடு சாதுவாக நிற்கும். இரும்பை வைக்கலாம் என்றால் நம் கரையில் இரும்புள்ள இல்மனைட் கருமணல். அதனால் எண்ணை மட்டும் நம்பாமல் நுண்ணோக்கியில் 300 துகள் எண்ணுங்கள். குறுக்குத் துருவ ஒளியில் கறுத்துப்போகும் உருண்டைகள் எத்தனை என்று பாருங்கள். உலோகம் அளக்கும் ஐசிபி கருவியைவிட மலிவு, சாம்பலை நேரடியாகக் காட்டும்.

போரானைச் சாம்பலின் அடையாளமாக வைக்கலாம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. நன்னீர் ஏரிக்குச் சரி. கடல்நீரிலேயே லிட்டருக்கு 4.5 மில்லிகிராம் போரான் இருக்கிறதே.

எதிரொலி (சூலூர்பேட்டை)

தரையில் கிடக்கிற 95 சதவீதத்தை யார் அளப்பது? அது எங்கள் வேலை. ஆனால் அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது.

மல்டிபீம் (பல ஒலிக்கற்றையால் ஆழம் அளக்கும் கருவி) போட்டு முன்னும் பின்னும் ஆழப்படம் எடுத்துக் கழித்தால் மேடு தெரியும். பன்னாட்டு நீரளவை அமைப்பின் 1-ஏ தரத்தில் 20 மீட்டர் ஆழத்துக்கு அனுமதிக்கப்பட்ட செங்குத்துப் பிழை 0.56 மீட்டர். சிறப்புத் தரத்தில் 0.29. கொட்டின மேட்டின் நடுப்பகுதி ஒரு மீட்டர் உயரம், சரி, தெரியும். ஓரத்தில் பத்து இருபது சென்டிமீட்டர் கனத்தில் பரவிக் கிடக்கும் பாவாடை இருக்கிறதே, அது இந்தப் பிழைக்குள் மறைந்துபோகும். புழுவும் சிப்பியும் மூச்சு முட்டிச் சாவது அந்தப் பாவாடையில்தான். எனவே மல்டிபீம் படத்தில் "எல்லைக்குள் அடங்கியுள்ளது" என்று வந்தால், எத்தனை சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் தெரிந்திருக்கும் என்று கேளுங்கள்.

பாவாடையைப் பார்க்க வண்டல் பக்கத்தோற்றக் கேமரா வேண்டும். தலைகீழ் பெரிஸ்கோப் மாதிரி ஆப்பு வடிவக் கண்ணாடிப்பெட்டி சேற்றுக்குள் 20 சென்டிமீட்டர்வரை இறங்கி, வெட்டுமுகத்தைப் படம்பிடிக்கும். புதுச்சேறு, பழந்தரை, நடுவில் ஆக்சிஜன் இறங்கும் பழுப்புக் கோடு எல்லாம் ஒரே படத்தில் வந்துவிடும். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கரையில் 1977லிருந்து நடக்கும் கொட்டுமிடக் கண்காணிப்பில் இதுதான் முக்கியக் கருவி. இல்லாவிட்டால் ஒளிபுகும் குழாயில் கை கோர் எடுத்து அளவுகோலோடு படம் பிடித்தாலும் பாதி விஷயம் கிடைக்கும்.

புதுச்சேறு இளகி இருக்கும்போது 200 கிலோஹெர்ட்ஸ் அலை அதன் மேல்மட்டத்தில் பட்டுத் திரும்பும், 33 கிலோஹெர்ட்ஸ் உள்ளே போய் கெட்டித்தரையில் திரும்பும். இரண்டு அலைவரிசையையும் பதியாமல் விட்டால், ஒரு மாதம் கழித்துச் சேறு அமுங்கினதையும் அரித்துப்போனதையும் பிரிக்கவே முடியாது. வடகிழக்குப் பருவத்தில் ஆற்றுத்தண்ணீர் மேலே மிதக்கும்போது ஒலிவேகம் அடுக்குக்கு அடுக்கு மாறும். காலையில் ஒருதடவை ஒலிவேக அளவி இறக்கிவிட்டு நாள் முழுக்க ஓட்டினால் படத்தின் ஓரங்கள் புன்னகை மாதிரி பொய்யாக வளைந்து காட்டும்.

ஹாப்பர்_கணக்கு

எதிரொலி சொன்னதோடு ஒன்று. மேடு சரியான இடத்தில் இருக்கிறதா என்பதற்கு முன்னால், எல்லா நடையும் அந்த இடத்துக்குப் போனதா என்று பாருங்கள். நடுவழியில் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினால் எரிபொருள் மிச்சம், யாருக்கும் தெரியாது. நவீன ஹாப்பரில் மிதப்பளவு (கப்பல் நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழம்), கதவு திறந்த நேரம், ஜிபிஎஸ் மூன்றும் தானாகப் பதிவாகும். அந்த மூலப்பதிவை நிபந்தனையாகக் கேட்கலாம். மிதப்பளவு சட்டென்று குறையும் புள்ளிதான் கொட்டின புள்ளி.

வெளியிலிருந்து சரிபார்க்க ஏஐஎஸ் (கப்பல் தன் இடத்தைத் தானாக அறிவிக்கும் கருவி) தடம் போதும், ஆனால் ஒரு எச்சரிக்கை. ஏஐஎஸ்ஸில் காட்டும் மிதப்பளவு மாலுமி கையால் இட்டது, மாதக்கணக்கில் மாறாமல் கிடக்கும். அதை நம்பாமல் வேகத்தையும் திருப்பத்தையும் பாருங்கள். கொட்டுமிட எல்லையைத் தொடாமல் திரும்பிய நடைகளை எண்ணினால் போதும்.

பாகம்11 (பழவேற்காடு)

படகுல போறவங்க பக்கத்துலேர்ந்து சிலது. 20 மீட்டர்னா பதினோரு பாகம். அந்த ஆழத்துல 0.1 சதுர மீட்டர் வான் வீன் கிராப்பைச் சேறோட கையால தூக்க முடியாது. டேவிட்டும் (தூக்குற கை) வின்ச்சும் இருக்கிற படகு வேணும். சின்ன ஃபைபர் போட்டை அமர்த்தினா குட்டி கிராப்தான் வரும், அதுல புழு எண்ணிக்கை கணக்குக்கே ஆகாது. டெண்டர்ல "படகு" னு மட்டும் போட்டா இதான் நடக்கும்.

வெள்ளம் (நீரோட்டம்) இழுக்கும்போது கம்பி சாஞ்சு போகும். 30 டிகிரிக்கு மேல சாஞ்சா கிராப் படுத்துக்கிட்டே மூடும், பாதி மண்ணுதான் வரும். கிளிஞ்சல் பல்லுல மாட்டினா ஏறும்போதே மெல்லிய சேறு கழுவிப் போயிரும். மேல வந்ததும் கிராப்புல நிக்கிற தண்ணி தெளிவா இருந்தா வைச்சுக்கலாம், கலங்கி வழிஞ்சா கொட்டிட்டுத் திரும்பப் போடணும். ஜிபிஎஸ் புள்ளியைப் படகு நின்ன இடத்துக்கு எடுக்காதீங்க. கம்பி தளர்ற அந்த நொடியில எடுக்கணும்.

தெண்டி வெள்ளத்துல (தெக்கேர்ந்து வடக்கே) ஒருதரம், வன்னி வெள்ளத்துல (வடக்கேர்ந்து தெக்கே) ஒருதரம், ரெண்டுக்கும் தனித்தனியா முன்னிலை (கொட்டுறதுக்கு முந்தின அளவு) எடுக்கணும். ஜனவரியில மட்டும் எடுத்துட்டு ஜூலையில கொட்டினா என்னத்தை ஒப்பிடுவாங்க?

ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14வரை விசைப்படகுக்குத் தடை. அந்த ரெண்டு மாசம் இழுவலை தரையைக் கீறாது. தடைக்கு முன்னாடி ஒரு அளவு, தடை முடியுற நேரத்துல ஒரு அளவுன்னு எடுத்து, உயிர் கூடியிருக்குன்னு எழுதினா அது இழுவலை நின்னதால கூடினதா, கொட்டு நின்னதால கூடினதானு யாரு சொல்றது?

அடிவாழ்வி (ஆரம்பாக்கம்)

பாகம் அண்ணன் கடைசியாகச் சொன்னதுதான் என் துறையின் (கடல்தரை உயிர்கள்) தலைவலி. இழுவலை போகும் இடத்தில் ஒப்பீட்டு நிலையம், போகாத இடத்தில் கொட்டுமிடம் என்று அமைத்தால் கொட்டுமிடம் செழிப்பாகத் தெரியும். டிரெட்ஜர் ஓடும் பகுதிக்கு வலைக்காரர்கள் வரமாட்டார்கள் என்பது அறிக்கையில் எங்கும் இருக்காது.

இப்போது முக்கியமானது: சுத்தமான ஒப்பீட்டு இடம் என்று இந்தக் கரையில் எதுவும் கிடையாது. தெற்கே போனால் சென்னைத் துறைமுகம், கூவம், அடையாறு. வடக்கே வெகுதூரம் போனால் கிருஷ்ணபட்டினம், அங்கேயும் அனல்மின் நிலையங்கள். நடுவில் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு எதிரே நல்ல இடம், ஆனால் பாதுகாக்கப்பட்ட பகுதி. அதனால் "பாதிப்பு இடம் – ஒப்பீட்டு இடம்" என்ற இரட்டை வடிவத்தை விட்டுவிட்டு, சரிவு வடிவத்துக்குப் போங்கள். கொட்டுமிடத்தில் தொடங்கி, கரைக்கு இணையாக வடக்கேயும் தெற்கேயும் 0.5, 1, 2, 4, 8, 16 கிலோமீட்டர், வடக்கில் மட்டும் கூடுதலாக ஒன்று 32ல். எல்லாம் ஒரே ஆழக்கோட்டில், இரண்டு மீட்டருக்குமேல் வித்தியாசம் கூடாது. ஆழம் மாறினால் மணல் களி விகிதம் மாறும், அதோடு உயிர்களும் மாறும். 16 பழவேற்காட்டை நெருங்கும், 32 ஆந்திரக் கடலில் விழும். தடாக்காரன் கேட்டது இதில் தானாகவே அடங்கிவிடுகிறது, மாநில எல்லையை ஒரு வாதமாகவே வைக்க வேண்டியதில்லை.

எத்தனை கிராப்? நிலையத்துக்கு மூன்று என்பது வழக்கம். உயிர் எண்ணிக்கை மாறுபாடு 30 சதவீதம் என்று வைத்தால், 50 சதவீத வீழ்ச்சியை நம்பிக்கையோடு பிடிக்க ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆறு வேண்டும். நம் கடலில் மாறுபாடு அதைவிட அதிகம்தான். மூன்றே மூன்று எடுத்துவிட்டு "புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை" என்று எழுதுவது, விளக்கை அணைத்துவிட்டு அறையில் யாருமில்லை என்று சொல்வதுதான்.

0.5 மில்லிமீட்டர் ஜல்லடை. வெண்காரம் சேர்த்த ஃபார்மலின், ரோஸ் பெங்கால் சாயம், பிறகு 70 சதவீத ஆல்கஹால். வெண்காரம் சேர்க்காவிட்டால் சின்னச் சிப்பிகளின் ஓடு கரைந்து அடையாளம் தெரியாமல் போகும். கேபிடெல்லா, பிரியோனோஸ்பியோ போன்ற புழுக்கள் கூட்டமாக வந்தால் மொத்த எண்ணிக்கை ஏறும். "உயிர்வளம் அதிகரித்துள்ளது" என்று படிக்காதீர்கள், தரை கெட்டுப்போனதற்கு அதுதான் அடையாளம்.

ஹாப்பர்_கணக்கு

அக்கா, 32 கிலோமீட்டர் மிகை இல்லையா? அவ்வளவு தூரம் சேறு எங்கே போகப்போகிறது? யாராவது பணம் கொடுக்க வேண்டுமே.

எதிரொலி

போட்டுப் பார்க்கலாம். கடல்நீரில் களித்துகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், திரள் நொடிக்கு சுமார் 1 மில்லிமீட்டர் இறங்கும். 20 மீட்டருக்கு ஐந்தரை மணி நேரம். நீரோட்டம் நொடிக்கு 0.2 மீட்டர் என்றால் 4 கிலோமீட்டரில் தரையைத் தொடும். இது உங்கள் பக்கம். திரளாத 10 மைக்ரான் துகள் நொடிக்கு 0.1 மில்லிமீட்டர்கூட இறங்காது. அது இரண்டு நாளுக்குமேல் மிதக்கும், 40 கிலோமீட்டர் போகும். சாம்பல் உருண்டை களிமண் போல ஒட்டித் திரள்வதில்லை, உள்ளே வெற்றிடமான உருண்டை என்றால் மிதக்கவே செய்யும். ஆக, 32 மிகையில்லை. அங்கே மாதாமாதம் போகத் தேவையில்லை, வருஷத்துக்கு இரண்டு தடவை தரைமாதிரியும் நுண்ணோக்கி எண்ணிக்கையும் போதும்.

இன்னொரு வழியும் உண்டு, அலை. 10 விநாடி அலையின் நீளம் ஆழ்கடலில் 156 மீட்டர். அதில் பாதி ஆழம்வரை, அதாவது 78 மீட்டர்வரை அது தரையைத் தொடும். 20 மீட்டர் ஆழம் நமக்குத்தான் ஆழம், புயலுக்கு அல்ல. 2016 வர்தா, 2023 மிக்ஜாம் மாதிரி ஒன்று கடந்தால் மேட்டின் மேல்பகுதி கிளம்பிவிடும். ஆகவே நாட்காட்டிக் கண்காணிப்போடு, புயல் கடந்த இரண்டு வாரத்துக்குள் மறுஅளவை என்ற நிபந்தனையும் தேவை. நாட்காட்டி மட்டும் இருந்தால் டிசம்பரில் அடித்த புயலை ஜூன் அறிக்கையில் தேடிக்கொண்டிருப்போம்.

வண்டல்மானி

மாசுள்ள சேற்றின்மேல் சுத்த மணல் மூடுவது பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். ஹாங்காங்கில் கிழக்கு ஷா சாவ் அருகே 1992லிருந்து மாசுபட்ட சேற்றைக் கடல்தரைக் குழியில் போட்டு மூடுகிறார்கள். நியூயார்க்குக்கு வெளியே பழைய சேறு கொட்டுமிடத்தை 1997 செப்டம்பரில் மூடி, அதன்மேல் சுத்தமான வண்டலை இட்டுவருகிறார்கள். ஆனால் ஷா சாவ் ஒதுக்கமான நீர், குழிக்குள் மூடுகிறார்கள். திறந்த வங்கக்கடலில், மேட்டின்மேல் ஒரு மீட்டர் மணலைப் பரப்பிவிட்டு நிம்மதியாக இருக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. மூடுவதாக இருந்தால் கண்காணிப்பும் மாறும்: மூடியின் கனத்தைக் கோர் எடுத்துப் பார்க்க வேண்டும், மூடிக்குள் மேல்நோக்கி உலோகம் ஏறுகிறதா என்று இடைநீரை (மண்துகளுக்கு நடுவில் நிற்கும் நீரை) அடுக்கடுக்காக எடுக்க வேண்டும்.

அள்ளியதில் சுத்த மணல் இருந்தால் அதைக் கடலில் கொட்டுவதே வீண். காட்டுப்பள்ளிக்கு வடக்கே கரை அரிக்கிறது, அங்கே போடலாம். 1996 லண்டன் நெறிமுறையின் சேற்று வழிகாட்டியும் கொட்டுவதற்கு முன் வேறு பயன் உண்டா என்றுதான் கேட்கிறது.

தண்ணீருக்குள் என்ன கழன்று வரும் என்பதற்குக் கரைசல் சோதனை: கொள்ளளவில் ஒரு பங்கு சேறு, நாலு பங்கு கடல்நீர், 30 நிமிஷம் கலக்கல், ஒரு மணி நேரம் தெளியவிடல், 0.45 மைக்ரான் வடிகட்டல். இதில் பெரும்பாலும் முதலில் துள்ளுவது உலோகம் அல்ல, அம்மோனியா. குஞ்சு இறால் செத்தால் உடனே ஈயத்தைக் குறை சொல்லாமல் அம்மோனியாவையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். கறுப்புச் சேறு சல்ஃபைடில் உலோகத்தைக் கட்டிவைத்திருக்கும், காற்றுப் பட்டால் விட்டுவிடும். அதனால் மாதிரிக் குடுவையை மேலே காற்றிடம் இல்லாமல் நிரப்பி, 4 டிகிரியில் வைக்க வேண்டும். பாதி நிரம்பிய குடுவை வெயிலில் ஒருநாள் படகில் கிடந்தால் சல்ஃபைடு முடிவு அர்த்தமற்றது.

கரிமக் கார்பனை வாக்லி–பிளாக் முறையில் (எவ்வளவு டைக்ரோமேட் செலவாகிறது என்று அளப்பது) பார்த்தால் உப்பின் குளோரைடும் டைக்ரோமேட்டைத் தின்னும், எண் கூடிக் காட்டும். வெள்ளி சல்ஃபேட் சேர்த்தார்களா என்று கேட்டுப் பாருங்கள், பதிலில் ஆய்வகத்தின் தரம் தெரிந்துவிடும்.

தடாக்காரன்

ஊர்க்காரர்கள் தாங்களாகச் செய்யக்கூடியது என்ன? சிப்பி கட்டித் தொங்கவிடுவது பற்றிக் கேள்விப்பட்டேன்.

அடிவாழ்வி

பச்சைச் சிப்பி இதற்கு நல்ல உயிர், வடிகட்டியாகவே வாழ்கிறது. 50–60 மில்லிமீட்டர் அளவில் ஒரே இடத்திலிருந்து எடுத்து, கூண்டுக்கு 30, தரையிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் மேலே, குறைந்தது 28 நாள். தொடக்க நாளில் ஒரு கூட்டத்தைத் தனியே உறையவையுங்கள், அது இல்லாமல் கூடினதா குறைந்ததா சொல்ல முடியாது. எடுத்த பிறகு 24 மணி நேரம் சுத்தக் கடல்நீரில் வைத்துக் குடலைக் காலியாக்குங்கள். இல்லாவிட்டால் அளப்பது சதையை அல்ல, வயிற்றுச் சேற்றை.

துறைமுக மிதவையில் கட்டலாம் என்று தோன்றும். வேண்டாம். துத்தநாகக் கட்டியும் செம்புச் சாயமும் அதில் இருக்கும்.

பாகம்11

தனி மிதவை போட்டா இழுவலை அறுத்துட்டுப் போயிரும். தண்ணிக்கு மூணு பாகம் கீழ மிதவையை நிறுத்தி, ரெண்டு கல்லுக்கு நடுவுல தரையில நீளக் கயிறு போட்டு வைக்கணும். அப்புறம் கொக்கி இழுத்து எடுத்துக்கலாம்.

வலையில களி ஏறுச்சுன்னா தேதி, இடம், ஆழம், எந்த வெள்ளம்னு எழுதுங்க. அதைவிட முக்கியம், களி ஏறாத நாளையும் எழுதணும். ஏறின நாளை மட்டும் காட்டினா யாரும் ஏத்துக்கமாட்டாங்க.

32 கிலோமீட்டர் புள்ளிக்குப் போறதா இருந்தா ராக்கெட் விடுற தேதியைப் பாத்துட்டுப் போங்க. அந்த நாள்ல கடலுக்குள்ள விடமாட்டாங்க, படகு வாடகை வீண். அனுமதியும் முன்னாடியே எழுதி வாங்கணும்.

எதிரொலி

செயற்கைக்கோளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்டினல்-2 படங்கள் இலவசம், 10 மீட்டர் துல்லியம், ஐந்து நாளுக்கு ஒருமுறை, காலை பத்தரை மணி வாக்கில் கடக்கும். வழிதல் கலங்கல் நன்றாகத் தெரியும். வடகிழக்குப் பருவத்தில் மேகம் மறைக்கும், முகத்துவாரத்து ஆற்றுக் கலங்கலும் சேர்ந்துகொள்ளும். மேல்மட்டம் மட்டும்தான் காட்டும் என்பதை மறக்க வேண்டாம். ஏஐஎஸ் தடத்தை அதே நேரப் படத்தின்மேல் வைத்தால் எந்த நடையின் கலங்கல் என்று சொல்லிவிடலாம்.

ஏடிசிபி (ஒலியால் நீரோட்டம் அளக்கும் கருவி) எதிரொலியில் கலங்கலை வரைந்து காட்டினால் ஒன்று கேளுங்கள்: கப்பல் விசிறி கிளப்பின காற்றுக்குமிழையும் அது சேறு மாதிரியே காட்டும், அதைப் பிரித்தார்களா? கலங்கல்மானியின் என்டியு (கலங்கல் அலகு) எண்ணை லிட்டருக்கு மில்லிகிராமாக மாற்ற, அந்த இடத்துச் சேற்றை வைத்தே அளவுதிருத்தம் செய்திருக்க வேண்டும்.

தடாக்காரன்

நிறுத்து என்று சொல்லும் வரம்பு எப்படி இருக்க வேண்டும்?

ஹாப்பர்_கணக்கு

நிலையான எண் வைத்தால் பருவமழையில் வேலையே நடக்காது, கோடையில் எதுவும் மாட்டாது. தூர்வாருவதற்கு முன் இரண்டு பருவத்திலும் தொடர்பதிவுக் கருவி வைத்து எடுத்த முன்னிலையிலிருந்து வரம்பு வர வேண்டும். ஆஸ்திரேலிய வழிகாட்டி மாதிரி, பணியிட நிலையத்தின் நடுமதிப்பு ஒப்பீட்டு நிலையத்தின் 80வது சதமானத்தை (நூற்றில் எண்பது அளவீடு அதற்குக் கீழே இருக்கும் எண்) தாண்டினால் எச்சரிக்கை என்று வைக்கலாம். தாண்டினால் யார், எத்தனை மணி நேரத்தில், எதை நிறுத்துவார் என்று எழுதியிருக்க வேண்டும். முதலில் வழிதல், அப்புறம் நடை எண்ணிக்கை, அப்புறம் முழு நிறுத்தம். என் தரப்புக்கும் இதுதான் வசதி, எதை எதிர்பார்ப்பது என்று தெரியும்.

வண்டல்மானி

கேட்க வேண்டிய காகிதங்கள் என்று பார்த்தால்: சுற்றுச்சூழல் அனுமதி பெற்றவர்கள் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அரையாண்டு அறிக்கை தர வேண்டும். அதில் சராசரி அட்டவணை மட்டும் இருந்தால் மூலத்தரவை விரிதாளில் கேளுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் ஆயத்தொலைவு, ஆழம், கண்டறியும் வரம்பு, செரிமான முறை. எம்ஈஎஸ்எஸ், பேக்ஸ் மாதிரி சான்றளிக்கப்பட்ட கடல்வண்டலைக் கூடவே ஓட்டி, எத்தனை சதவீதம் மீட்டார்கள் என்ற வரியும் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத உலோக அட்டவணையை நான் படிப்பதில்லை.

ஆய்வகத்துக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கிறது என்று எழுதியிருந்தால் அங்கீகாரப் பட்டியலைத் திறந்து பாருங்கள். தண்ணீருக்கு மட்டும் வாங்கியிருப்பார்கள், வண்டல் அதில் இருக்காது. மாதிரியை எடுக்கும்போதே மூன்றாகப் பிரித்து, ஒன்று அவர்களுக்கு, ஒன்று வேறு ஆய்வகத்துக்கு, ஒன்று முத்திரையிட்டு மைனஸ் 20 டிகிரியில். பாதரசத்துக்கு 28 நாள் கெடு இருக்கிறது, அதனால் இரண்டாவது ஆய்வகத்தை மாதிரி எடுப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.